பிறந்த பங்கும் தேடிப்போன சபையும்

தூத்துக்குடிக் கரையில் ஒரு தலைமுறைக்கு முன்னால் இருபது வயசுப் பையனிடம், "உனக்கு எந்தக் கோயில் ஒத்துவரும்?" என்று கேட்டிருந்தால் விழித்திருப்பான். கோயில் என்ன செருப்பா, போட்டுப் பார்த்து எடுக்க? பிறந்த தெரு எந்தப் பங்கோ அதுதான் கோயில். ஞானஸ்நானம் அங்கே, புதுநன்மை அங்கே, கல்யாண ஓலை வாசிப்பது அங்கே, கடைசியில் கல்லறைத் தோட்டமும் அங்கேயே.

இன்று அதே தெருப் பிள்ளை சென்னையில் ஐடி கம்பெனியிலோ, பெங்களூரில் ஆஸ்பத்திரியிலோ வேலை பார்க்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் மேப்பைத் திறந்து, பக்கத்தில் தமிழ்ப் பூசை எத்தனை மணிக்கு என்று தேடுகிறது. பாட்டு எப்படி, பிரசங்கம் எவ்வளவு நேரம், நம் வயசுக்காரர்கள் வருவார்களா என்று தோழர்களிடம் விசாரிக்கிறது. ஒத்துவராவிட்டால் அடுத்த வாரம் வேறு கோயில். அதுவும் சரியில்லை என்றால் வேறு சபை.

இந்தக் கரையில் கிறிஸ்தவம் தொடங்கியபோது தனி ஆளின் விருப்பத்துக்கு அதில் இடம் இருக்கவில்லை. 1530களில் முத்துச் சலாபத்தை, அதாவது முத்துக்குளிப்பை, யார் ஆள்வது என்ற பகை முற்றியபோது, கரையில் வாழ்ந்த பரதவர்களின் தலைவர்களான பட்டங்கட்டிகள் கொச்சிக்குப் போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதைத் தொடர்ந்து ஊர் ஊராக ஞானஸ்நானம் நடந்தது. முடிவு எடுத்தது ஊர். ஊரோடு சேர்ந்து பிள்ளைகளும் வேதத்துக்கு வந்தார்கள்.

1542இல் வந்த மறைபரப்பாளர் பிரான்சிஸ் சவேரியார் அந்தப் பிள்ளைகளைச் சும்மா விடவில்லை. கைமணியை ஆட்டிக்கொண்டு தெருவில் நடந்து சிறுவர்களைக் கூட்டினார், செபம் சொல்லிக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை என்பதுதான் முக்கியம். நோயாளி வீடுகளிலிருந்து ஆள்மேல் ஆள் வந்து கூப்பிட்டபோது, தனக்குப் பதிலாக அந்தச் சிறுவர்களையே செபிக்க அனுப்பினார். வீட்டில் பெரியவர்களுக்குச் செபம் கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் அவர்களுக்கே. அவருடைய கடிதங்களில் இது இருக்கிறது. வாலிபருக்கான திட்டம் என்று தனியாக எதுவும் அவர் போட்டதாகத் தெரியவில்லை. ஆளுக்கொரு வேலை கொடுத்தார், அவ்வளவுதான்.

கோயிலை மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்திய காலமும் இங்கே உண்டு. 1658இல் டச்சுக்காரர்கள் தூத்துக்குடியைப் பிடித்தார்கள், கத்தோலிக்கக் குருக்களை வெளியேற்றினார்கள், தங்கள் சீர்திருத்தச் சபைக்குச் சனங்களை இழுத்துப் பார்த்தார்கள். சனம் மசியவில்லை. டச்சுக்காரர்கள் 1750இல் கட்டிய கோயில் இன்றும் பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் பரதவர்கள் மாதாவை விட்டு நகரவில்லை. 1713இல், டச்சு ஆட்சி நடந்துகொண்டிருந்தபோதே, இன்றைய பனிமய மாதா கோயில் எழும்பிவிட்டது.

அந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது? பக்தி ஒரு பக்கம். மறுபக்கம், கோயிலில் ஒவ்வொரு வயசுக்கும் ஒரு வேலை இருந்தது. சின்னவனாக இருக்கும்போது பீடச் சிறுவன். கொஞ்சம் வளர்ந்தால் பாடகர் குழு. மீசை அரும்பினால் சப்பரம் தூக்கத் தோள் கொடுக்க வேண்டும், கிறிஸ்துமஸ் குடில் கட்ட மணலும் ஓலையும் சுமக்க வேண்டும், பாஸ்கா நாடகத்தில் யூதச் சேவகனாகவாவது நிற்க வேண்டும். பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றத்திலிருந்து ஆகஸ்ட் 5 வரை கரைப் பையன்களுக்குத் தூக்கம் கிடையாது. 1806இல் முதன்முதலாக ஓடிய மாதாவின் பொன் தேர் எப்போதாவதுதான் வெளியே வரும். 2013இல் வந்தது, பிறகு 2023இல் வந்தது. அந்த வடத்தில் கை வைத்தவன் அதைப் பேரப்பிள்ளை காலம் வரை சொல்லிக்கொண்டிருப்பான்.

உள்நாட்டில், நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) ஊர்களிலும் இதே கதைதான், சடங்குதான் வேறு. ஊரே கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகைக்கு முந்தின ராத்திரி கோயில் வளாகத்தில் மலைபோல் குவிந்த கத்தரிக்காயையும் வெங்காயத்தையும் நறுக்குவது, விடியற்காலையில் அண்டாவைக் கிண்டுவது, பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறுவது எல்லாம் வாலிபர் பொறுப்பு. எத்தனையோ கல்யாணப் பேச்சு அந்த வெங்காயக் குவியலுக்குப் பக்கத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

அந்தக் காலத்தை ஒரேயடியாகப் புகழவும் மனம் ஒப்பவில்லை. ஊர்க் கமிட்டியை எதிர்த்துப் பேசினால் விலக்கு. சாதி விட்டுக் காதலித்தால் ஓலை வாசிப்பதே சிக்கல். வடக்கன்குளத்தில் 1872இல் கட்டிய கோயிலில் சாதிக்கொரு பக்கமாக உட்கார வைத்து நடுவில் சுவர் எழுப்பியிருந்தார்கள். கால்சட்டை மாதிரி இரண்டு கால் கொண்ட கட்டடம். அந்தச் சுவரை இடிக்க 1910 ஆக வேண்டியிருந்தது, அதை எதிர்த்தும் வழக்கு மன்றம் வரை போனார்கள். சொந்தக் கோயில் என்ற உரிமையோடு இதுவும் ஒட்டிக்கொண்டுதான் வந்தது. இன்றைய பிள்ளைகள் இதை மறக்கவில்லை, மறக்கவும் வேண்டாம்.

பிறகு கடல் மாறியது. 1961ஓடு முத்துக்குளிப்பு நின்றுபோனது. 1974இல் புதுத் துறைமுகம் பெருந்துறைமுகமானது. கரைப் பிள்ளைகள் கல்லூரிக்கும் கப்பலுக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் துறைமுகத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்கு வந்தார்கள். அப்படி வந்த ஒருவன் கரைக் கோயில் ஒன்றில் பூசை முடிந்து வாசலில் நின்றால், பெரியவர் ஒருவர் அன்பாகத்தான் கேட்பார்: "தம்பி, யார் வீட்டுப் பிள்ளை?" அவனிடம் பதில் இருக்காது. அந்த ஊரில் அவனுக்கு வீடு இல்லை, பங்கில் குடும்ப அட்டையும் இல்லை. பக்கத்து வீடுகள் சேர்ந்து செபிக்கும் அன்பியக் கூட்டம் குடும்பங்களுக்கானது. வாடகை அறையில் தனியாக இருப்பவனை யார் கூப்பிடுவது?

அதே பையன் சனிக்கிழமை சாயங்காலம் நண்பனோடு ஒரு வாடகை மண்டபத்து ஜெபக் கூட்டத்துக்குப் போகிறான். பிளாஸ்டிக் நாற்காலி, கீபோர்டு, டிரம்ஸ், திரையில் பாட்டு வரிகள். வாசலில் ஒரு அண்ணன் பேரையும் போன் நம்பரையும் குறித்துக்கொள்கிறார். செவ்வாய்க்கிழமை செய்தி வருகிறது: "தம்பி, நல்லா இருக்கீங்களா? ஏதாவது ஜெபக் குறிப்பு இருக்கா?" பையன் அந்தப் பக்கம் சாய்ந்தால் பாட்டு மயக்கிவிட்டது என்று பங்கில் குறைப்பட்டுக்கொள்கிறோம். பாட்டுக்குப் பங்கு உண்டுதான். என் கணக்கில் அவனை இழுத்தது அந்தச் செவ்வாய்க்கிழமைச் செய்தி.

ஆனால் புதுச் சபைகளிலும் ஒரு குறை தெரிகிறது. நாலுமாவடி போன்ற ஊழிய மையங்களின் பெருங்கூட்டமானாலும் மண்டபத்துச் சிறு கூட்டமானாலும், வாலிபனுடைய வேலை பெரும்பாலும் கைதட்டுவதும் கேட்பதும்தான். மேடையில் சிலர், கீழே மற்ற எல்லோரும். யூடியூபில் ஆராதனை பார்ப்பவனுக்கு அதுவும் கிடையாது. இரண்டு மூன்று வருஷத்தில் அங்கேயும் சலித்து, எங்கும் போகாமல் நின்றுவிட்டவர்கள் நிறைய. சி.எஸ்.ஐ. பிள்ளைகளிடம் கேட்டால், திருமண்டலத் தேர்தல் சண்டை என்று இன்னொரு காரணமும் சொல்வார்கள்.

சோம்பேறிப் பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தபோது, கடற்கரை மீனவர்கள் படகுகளை உள்நாட்டுக்குக் கொண்டுபோய் வெள்ளத்தில் மாட்டியவர்களை மீட்டார்கள். கோயில்களும் பள்ளிகளும் தங்குமிடமாயின. மாதக்கணக்கில் பூசைக்கு வராத பையன்கள் அங்கே அரிசி மூட்டை சுமந்தார்கள். தண்ணீர் வடிந்ததும் அவர்களுக்குக் கோயிலில் செய்ய வேலை இல்லாமல் போனது.

கல்யாணம் என்று வந்ததும் அவர்கள் திரும்பி வருகிறார்கள் என்பது உண்மை. பங்குக் கடிதம் வேண்டுமே! ஐந்தாறு வருஷம் முகம் காட்டாதவனின் பேரை மூன்று ஞாயிறு ஓலையில் வாசிக்கிறோம். அந்த மூன்று வாரமும் அவன் பெங்களூரில் இருப்பான்.

பங்குத்தந்தையருக்கும் ஆயர்மாருக்கும் என் விண்ணப்பம் இது: இளைஞர் ஞாயிறு என்று வருஷத்தில் ஒரு நாள் கொண்டாடி அனுப்பிவிட வேண்டாம். பங்குப் பேரவையில் முப்பது வயசுக்குக் கீழே இரண்டு பேரை, அதில் ஒருவராவது வெளியூரிலிருந்து வேலைக்கு வந்தவராக, வாக்குரிமையோடு உட்காரவையுங்கள். திருவிழாக் கணக்குப் புத்தகத்தை அவர்கள் கையில் கொடுங்கள். கோயில் தேடுகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பாட்டைக் கேளுங்கள், பிரசங்கத்தைக் கேளுங்கள். நீங்கள் போகத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில் உங்களிடம் யாராவது ஒரு வேலை ஒப்படைத்தால் அங்கேயே இருந்துவிடுங்கள்.