தரவு அறிவியல் கூடுகைகளில் தமிழாய்வாளரின் பங்கு

தரவு அறிவியல் ஆர்வலர்கள் ஓரிடத்தில் கூடித் தாம் எழுதிய நிரல்களையும் எதிர்கொண்ட சிக்கல்களையும் பகிர்ந்துகொள்வது இன்று பல நகரங்களில் வழக்கமாகியுள்ளது. சென்னையில் பைத்தான் பயனர் குழுவான சென்னைபை, மாதத்தின் நான்காம் சனிக்கிழமையில் கூடும் மரபுடையது. பொதுத் தரவுகளில் ஆர்வமுடையோரை இணைக்கும் டேட்டாமீட் 2011இல் தொடங்கியது. இவை கணினித் துறையினர்க்கே உரியவை என்னும் எண்ணம் தமிழ்த்துறையில் நிலவுகிறது. அவ்வெண்ணம் பொருந்தாமையை ஒரு சான்றின்வழி இக்கட்டுரை விளக்குகிறது.

'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தான் 5 எனக் காட்டும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி ஆகியவை ஒருங்குறியில் தனித்தனிக் குறியெண் பெற்றிருப்பதே காரணம். எழுத்திலக்கணப்படி எண்ணின் 3. கட்டளைக் கலித்துறையிலோ ஒற்று நீக்கி எண்ணுவதே முறையாதலின் 2. இம்மூன்றனுள் எது சரியென்பதை ஆய்வு வினாவே முடிவுசெய்யும். அவ்வினாவைக் கூடுகைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவர் யாப்பறிந்தவரே.

கட்டளைக் கலித்துறையில் நேரசையில் தொடங்கும் அடி 16 எழுத்தும், நிரையசையில் தொடங்குவது 17 எழுத்தும் பெறும். எனவே அந்த யாப்பில் அமைந்த அபிராமி அந்தாதியின் நூறு பாடல்கள் எழுத்தெண்ணும் நிரலைச் சோதிக்க மிக ஏற்றவை. ஆனால் பதம் பிரித்த பதிப்பை உள்ளிட்டால் கணக்குத் தவறும். 'வந்தருள்' என்பதில் ஒற்று நீங்கலாக 3 எழுத்து. 'வந்து அருள்' எனப் பிரிப்பின் 4. புணர்ச்சியில் கெட்ட உகரம் மீண்டும் வந்துவிடுகிறது. நிரலாளர் இதனைத் தம் நிரலின் பிழையென்று கருதி நெடுநேரம் தேடக்கூடும். உண்மையில் பிழை பதிப்புத் தேர்வில் உள்ளது. புணர்ச்சி கற்றவர் அருகிலிருப்பின் சிக்கல் அங்கேயே தீரும். (கூடுகையில் தேநீர் இடைவேளையே இத்தகைய உரையாடலுக்கு உகந்த நேரம்.)

முதன்முறை செல்வோர்க்குக் கலைச்சொற்கள் பல விளங்காமற் போகலாம்; அதனால் இழப்பில்லை. வெறுங்கையோடு செல்வதே பயனற்றது. பத்துப் பாடல்களைப் பதம் பிரிக்காத வடிவில் தட்டச்சு செய்து, நாற்பது அடிகளுக்கும் கையால் எண்ணிய எழுத்துக் கணக்கை எதிரே குறித்து எடுத்துச் செல்லலாம். நிரலின் விடையை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குரிய அளவுகோல் அதுவே.