உங்களுக்குத் தெரியுமா? மலையிலிருந்து ஏரி வரை

வேங்கிக்கால் என்றால் இன்று பலருக்கும் திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருக்கும் இடம். ஆனால் பெயருக்குள் இருப்பது தண்ணீர். 'கால்' என்றால் வாய்க்கால். பக்கத்து ஊர் சேரியந்தல். அதில் 'ஏந்தல்' இருக்கிறது, மழைநீரை ஏந்திக்கொள்ளும் ஏரி. அண்ணாமலைக்கு அந்தப் பக்கம் வாணியந்தாங்கல்; 'தாங்கல்' என்பதும் நீர்நிலைதான். மலைக்குத் தெற்கே உள்ள ஏரிக்குச் சமுத்திரம் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். கடல் பார்க்காத ஊரில் அவ்வளவு ஆசை! மழை எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பெயர் வைத்த மக்கள் இவர்கள். மலையைச் சுற்றியுள்ள ஊர்ப்பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், பழைய நீர்வழிகளில் பாதி கிடைத்துவிடும்.

✦

அண்ணாமலையின் உயரம் 2,668 அடி என்கிறோமே, அது கடல்மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு. ஊரே கடல்மட்டத்துக்கு ஐந்நூறு அடிக்கு மேலே இருக்கிறது. கோயில் வாசலிலிருந்து ஏறுபவர் அந்த ஐந்நூறு அடியைத் தெரியாமலே முன்பே ஏறி முடித்தவர்.

✦

இந்த மாவட்டத்து மலைகளில் பரவலாகக் காணப்படும் பாறைவகைக்குச் சார்னோகைட் என்று பெயர். பெயர் வந்த கதை ஒரு கல்லறையில் தொடங்குகிறது. கொல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக் புதைக்கப்பட்டிருக்கிறார். அவர் கல்லறையின் மேல் பதித்த கல் சென்னைப் பக்கத்திலிருந்து போனது. அதை ஆராய்ந்த நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893-இல் அந்தப் பாறைவகைக்கே சார்னோக்கின் பெயரைச் சூட்டினார். ஆக, நம் ஊர்க் கல்லுக்கு உலகப் பாடப்புத்தகங்களில் வங்காளத்துக் கல்லறைக்காரர் பெயர்.

வட தமிழ்நாட்டுச் சார்னோகைட்டுகளின் வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. இமயமலை எழத் தொடங்கியது சுமார் 5 கோடி ஆண்டுக்கு முன்புதான். நம் குன்றுகளுக்குப் பக்கத்தில் இமயம் கைக்குழந்தை.

✦

மலைச்சரிவில் அடுக்கிவைத்ததுபோல் உருண்டைப் பாறைகள் நிற்கின்றனவே, யாரும் உருட்டி வைத்ததில்லை. பாறையில் முதலில் குறுக்கும் நெடுக்குமாக வெடிப்பு விழுகிறது. மழைநீர் அந்த வெடிப்பில் இறங்கி, மூலைகளை முதலில் அரித்து மண்ணாக்குகிறது. கட்டமாக இருந்த கல், வெங்காயம் உரிவதுபோல் மேல்தோல் உரிந்து உருண்டையாகிறது. சுற்றியிருந்த மண் கரைந்து போனபின் உருண்டை மட்டும் வெளியே தெரிகிறது. சில உருண்டைகள் முழுப் பாறைமேல் உட்கார்ந்திருக்கும். சில வெறும் மண்மேல் உட்கார்ந்திருக்கும். இரண்டாவது வகைதான் ஆபத்து.

2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள், டிசம்பர் 1 மாலை, கொட்டித் தீர்த்த மழையில் அண்ணாமலைச் சரிவிலிருந்து பாறையும் சேறும் சரிந்து வ.உ.சி. நகரில் வீட்டின்மேல் விழுந்தன. குழந்தைகள் உட்பட ஏழு பேர் போய்விட்டார்கள். அந்த ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று மலையேறப் பக்தர்களை அனுமதிக்கவில்லை. மலையைத் தெய்வமாகவே பார்த்துப் பழகிய ஊரில், அது மண்ணும் கல்லும் நீரும் சேர்ந்த ஓர் உடம்பு என்பதும் அன்று தெரிந்தது. சரிவில் மரவேர் பிடித்த மண்ணும், தண்ணீர் இறங்க விட்டுவைத்த ஓடையும் வீடுகளுக்கு மேலே இருக்கும் காவல். ஓடையை அடைத்துச் சுவர் எழுப்பும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம்.

✦

திருவண்ணாமலைக்கு மழை ஒரே தவணையில் வருவதில்லை. ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளில் இடியோடு கொட்டுவது தென்மேற்குப் பருவத்தின் பங்கு. அக்டோபருக்குப் பின் வடகிழக்குப் பருவம். முதல் தவணையில் மண் நனைகிறது, இரண்டாவதில் ஏரி நிறைகிறது.

✦

ஏரி நிறைந்து வழிவதை இந்தப் பக்கம் என்ன சொல்வார்கள் தெரியுமா? "ஏரி கோடி போகுது." கரையின் ஒரு கோடியில் வழிந்தோட விட்ட இடம் அது, ஏட்டில் கலிங்கு, பேச்சில் கோடி. கோடி போகும் நாளில் ஊரே திரண்டு பார்க்கும், கற்பூரம் ஏற்றுவார்கள், பிள்ளைகள் மீன் பிடிக்க இறங்குவார்கள். அந்த வழிந்த நீர் வீணில்லை. மேல் ஏரியின் கோடி கீழ் ஏரிக்கு வரத்து. ஒன்றின் மிச்சம் அடுத்ததன் முதல். இப்படிப் பல ஏரிகளை ஒரே சரடில் கோத்ததுதான் பழைய தமிழ்நாட்டு நீர்ப்பாசனம். இதில் நடுவே ஒரு வாய்க்காலை மூடிவிட்டால் மேலே இருப்பவருக்கு வெள்ளம், கீழே இருப்பவருக்கு வறட்சி; இரண்டும் ஒரே மழையில். பெருமழைக் காலத்தில் வேங்கிக்கால் ஏரி நிரம்பி வேலூர் சாலைப் பக்கம் தண்ணீர் வரும்போது, 'ஏரி ஊருக்குள் வந்துவிட்டது' என்கிறோம். தண்ணீர் தன் பழைய வழியில்தான் போகிறது.

✦

துரிஞ்சலாறு என்று ஓர் ஆறு திருவண்ணாமலைப் பக்கத்தில் ஓடுகிறது. தென்பெண்ணையின் கிளையாறு. அந்தத் தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்தி மலையில் பிறந்து, இதே மாவட்டத்தில் 1958-இல் கட்டி முடித்த சாத்தனூர் அணையில் தங்கி, கடலூரில் கடல் சேர்கிறது.

✦

அண்ணாமலைச் சரிவுகளில் ஆளுயரத்துக்கு ஒரு புல் வளரும். கசக்கி முகர்ந்தால் எலுமிச்சை மணம். மணத்துக்குக் காரணம் அதில் இருக்கும் எண்ணெய். அதே எண்ணெய்தான் கோடையில் தீயை வளர்க்கிறது. ஒரு பொறி போதும், சரிவு முழுக்கப் பரவிவிடும். தீ அணைந்தபின் முதலில் தலைதூக்குவது மறுபடியும் அதே புல், ஏனென்றால் அதன் வேர்க்கட்டை மண்ணுக்குள் பத்திரமாக இருக்கிறது. மரக்கன்று அப்படியில்லை. ஆண்டுதோறும் தீ வந்தால் மலை புல்லாகவே இருக்கும், காடாகாது.

1980-களில் இந்த மலை பெரும்பாலும் மொட்டையாக இருந்தது. அக்காலத்தில் தொடங்கிய அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டியும், பின்னால் வந்த தி ஃபாரஸ்ட் வே அமைப்பும், வனத்துறையும் சேர்ந்து கன்று நட்டார்கள். நடுவது எளிய பாதி. கோடைக்கு முன்பே புல்லை வெட்டிச் சரிவில் தீத்தடுப்புக் கோடு போடுவதும், புகை தெரிந்த உடனே தழைக்கொத்தோடு மேலே ஓடி அடித்து அணைப்பதும்தான் கடினமான பாதி. இன்று கிரிவலப் பாதையில் உங்கள்மேல் விழும் நிழலில் அந்த ஓட்டங்களின் பங்கு உண்டு. அதைச் செய்தவர்களுக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

✦

அருணாசலேசுவரர் கோயிலின் தலமரம் மகிழம். கடற்கரையை ஒட்டிய வறண்ட பசுமைமாறாக் காடுகளிலும் இதே மரம் வளர்கிறது. கோயிலுக்குள் ஒற்றையாய் நிற்கும் மரத்தை வணங்கும்போது, அதன் சொந்தக்காரர்கள் காட்டில் இருப்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

✦

காலை ஆறு மணி, மாலை ஆறு மணி என்று இரண்டு வேளையும் தவறாமல் விசிலடிப்பதுபோல் கூவும் ஒரு பறவை உண்டு. நம்மவர்கள் வைத்த பெயர் ஆறுமணிக்குருவி. பச்சை, நீலம், கறுப்பு, வெள்ளை, வயிற்றடியில் சிவப்பு என்று இத்தனை நிறம் பூசிக்கொண்டும் கண்ணில் படாது, ஏனென்றால் அது மரத்தில் தேடவேண்டிய பறவை இல்லை. கீழே, உதிர்ந்த இலைகளைப் புரட்டிப் புழு தின்றுகொண்டிருக்கும். இமய அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலம் கழிக்கத் தெற்கே வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த குருவிக்கு நாம் தரக்கூடிய ஒரே உபசாரம், காய்ந்த இலையைப் பெருக்கிக் கொளுத்தாமல் விட்டுவைப்பது.

✦

ரமணர் 1896 செப்டம்பர் 1-இல் திருவண்ணாமலை வந்தார். விரூபாட்ச குகையில் இருந்த ஆண்டுகளில் மலைக்குரங்குகளின் அரசியலை அவர் கூர்ந்து கவனித்திருக்கிறார்; எந்தக் கூட்டத்துக்கு எது எல்லை, யார் தலைவன் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. நரசிம்ம சுவாமி 1931-இல் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் இவை பதிவாகியிருக்கின்றன. விலங்கியலார் காட்டில் உட்கார்ந்து குரங்குக் கூட்டத்தைப் பெயர் சொல்லித் தனித்தனியாகப் பின்தொடர்வது வழக்கமாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஒரு துறவி அதைத் திண்ணையில் இருந்தபடி செய்திருக்கிறார். அங்கே அவர் பார்த்த நாட்டுக்குரங்கு தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லை.

ரமணாசிரமத்தில் லட்சுமி என்ற பசுவுக்குச் சமாதி உண்டு. அது இறந்தது 1948 ஜூன் 18. அருகிலேயே மானுக்கும் காக்கைக்கும் நாய்க்கும்.

✦

மேற்கே போனால் செங்கம். சங்க இலக்கியத்தில் அதற்குப் பெயர் செங்கண்மா. அங்கே ஆண்டவன் நன்னன். அவனைப் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று, 583 அடி. மலையை யானையாகவும், மலையில் எழும் ஓசைகளை அந்த யானையின் மதமாகவும் பெருங்கௌசிகனார் கண்டதால் இந்தப் பெயர். அருவி விழும் ஓசை, தேனெடுக்கும் குறவர் ஆரவாரம், புலி கிழித்த கணவனுக்குப் பக்கத்தில் இருந்து மனைவி பாடும் பாட்டு, தினை குற்றும் பாட்டு என்று அவர் காதில் விழுந்ததையெல்லாம் வரிசையாக வைக்கிறார். கூடவே வழி சொல்கிறார்: பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் வீசும் கவண்கல் எந்தப் பக்கம் வரும். நம் மாவட்டத்து மலைக்கு இதைவிடப் பழைய ஒலிப்பதிவு வேறு கிடையாது. இதில் வரும் சேயாறு இன்றைய செய்யாறு.

✦

ஒரு நாய்க்கு நடுகல் வைத்த ஊர் இந்த மாவட்டத்தில் இருக்கிறது: எடுத்தனூர். காலம் மகேந்திரவர்ம பல்லவன் காலம், 7-ஆம் நூற்றாண்டு. மாடு கவர வந்தவர்களோடு போரிட்டு வீரன் இறந்தான். அவன் நாய் கோவிவன் இரண்டு கள்ளர்களைக் கடித்து, தன் ஆண்டையின் அருகே காத்து நின்றது. கல்லில் வீரனுக்குப் பக்கத்தில் நாயும் இருக்கிறது, பெயரும் இருக்கிறது. செங்கம் வட்டாரம் முழுக்க இப்படிப் பல நடுகற்கள். தொல்லியல் துறை 1972-இல் அவற்றைத் தொகுத்து நூலாகவே வெளியிட்டது. பெரும்பாலானவை மாட்டுச் சண்டையில் விழுந்தவர்களுக்கு. வயலைவிட மேய்ச்சல் பெரிதாக இருந்த நிலம் என்பதற்கு இந்தக் கற்களே சாட்சி.

✦

பனை உழவாரன் குருவி பனையோலையின் அடிப்பக்கத்தில் எச்சிலால் கூட்டை ஒட்டுகிறது. முட்டையையும் எச்சிலாலேயே கூட்டோடு ஒட்டிவைக்கும். காற்றில் ஓலை ஆடினாலும் விழாது. பனை வெட்டினால் அதற்கு வேறு வீடு அநேகமாக இல்லை.

✦

ஏரியில் முக்குளிப்பானைக் கவனியுங்கள். சிறிய நீர்ப்பறவை, 'குபுக்' என்று மூழ்கி வேறிடத்தில் எழும். அதன் கூடு தண்ணீர்மேல் மிதக்கும். நாணலிலோ பாசியிலோ கட்டிப்போட்ட தெப்பம். மழை வந்து நீர்மட்டம் ஏறினால் கூடும் கூடவே ஏறும். முட்டையை விட்டு இறங்கும்போது ஈரப்பாசியால் மூடிவிட்டுத்தான் போகும், பருந்தின் கண்ணில் படாமலிருக்க. இட்ட நாளில் வெள்ளையாக இருக்கும் முட்டை, நாளாக நாளாகப் பாசிக்கறை ஏறிப் பழுப்பாகிவிடும். பொரிந்த குஞ்சுகள் தாயின் முதுகில் ஏறி, இறகுக்குள் தலையை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு ஏரியைச் சுற்றி வரும். இதற்கெல்லாம் அந்தப் பறவைக்கு வேண்டியது ஒன்றுதான்: குஞ்சு தனியே மூழ்கக் கற்றுக்கொள்ளும்வரை வற்றாத தண்ணீர். அந்தத் தண்ணீர் மலையிலிருந்து, கால் வழியாக, வந்துசேர வேண்டும்.