ஒரு பழைய கணக்கு, 44 இலட்சம் டொலர்

2021 மே மாதம் அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனத்தின் எரிபொருள் விநியோகம் சில நாட்கள் முடங்கியது. பாவனையில் இல்லாத ஒரு விபிஎன் கணக்கின் கடவுச்சொல்லைக் கொண்டே ஊடுருவியவர்கள் நுழைந்தார்கள். இரண்டாவது சரிபார்ப்பு இருக்கவில்லை. நிறுவனம் கொடுத்த கப்பம் சுமார் 44 இலட்சம் டொலர்.

வழமையான விபிஎன்னில், வாசலில் ஒருமுறை அடையாளம் காட்டினால் உள்ளே பல கதவுகள் திறந்துவிடும். கிளவுட் வழிப் பாதுகாப்பில் அப்படியல்ல. வீட்டிலிருந்து வேலை செய்பவரும் கிளை அலுவலகமும் முதலில் சேவை நிறுவனத்தின் மையத்தோடு இணைகிறார்கள். ஆள் யார், கணினி எது என்று அங்கே சோதித்து, அவருக்குரிய செயலியை மட்டுமே திறந்துவிடுவார்கள். 2019இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் இதற்கு 'சாசி' என்று பெயர் வைத்தது.

வாங்குமுன் கேட்க வேண்டியவை மூன்று.

மையம் எங்கே இருக்கிறது? யாழ்ப்பாணக் கிளையின் தரவு சிங்கப்பூர் போய்த் திரும்பினால் வேகம் குறையும்.

எமது தரவை யார் பார்ப்பார்கள்? மறைகுறியாக்கத்தைத் திறந்துதான் பல சேவைகள் சோதிக்கின்றன. பதிவுகள் எந்த நாட்டில் சேமிக்கப்படுகின்றன என்பதை, எமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சேவையே விழுந்தால்? 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃபிளேர் சில மணிநேரம் தடுமாறியபோது, அதன் தொலைப்பணி நுழைவுச் சேவையும் பாதிக்கப்பட்டது.

இவை மூன்றுக்கும் நல்ல பதில் கிடைத்தாலும், ஒரு கேள்வி எம்மிடமே மிஞ்சும்: விலகிப்போன ஊழியரின் கணக்கை எமது அலுவலகத்தில் மூடுவது யார்?