அறுவடைக்கு முன் வண்டிக்கும் ஒரு பரிசோதனை

தை மாதத்து விடியற்காலை. தஞ்சாவூர் - நாகப்பட்டினம் சாலையில் பத்தடி தூரத்துக்கு மேல் எதுவும் தெரியாத பனி. சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் நேரம். நூறு மூட்டை நெல்லோடு ஒரு டிராக்டர் நேரடி கொள்முதல் நிலையத்தை நோக்கிப் போகிறது. மூட்டைக்கு 40 கிலோ என்றால் டிரெய்லரில் இருப்பது நாலு டன். பின்னால் சிவப்பு விளக்கு இல்லை. ஒளிரும் பட்டை இருந்த இடத்தில் காய்ந்த சேறு. பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவருக்கு அங்கே ஒரு வண்டி போவதே தெரியாது. தெரியும்போது பிரேக் பிடிக்க இடம் இருக்காது.

விதை வாங்கினால் முளைப்புத் திறன் பார்க்கிறோம். மண்ணை ஆய்வுக்கு அனுப்புகிறோம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போகாமல் காயவைத்துக் கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோகிறோம். அந்த நெல்லைச் சுமக்கிற வண்டியை மட்டும் 'ஓடுகிற வரை ஓடட்டும்' என்று விட்டுவிடுகிறோம். எஃப்.சி என்றாலே ஆர்.டி.ஓ அலுவலகம், அலைச்சல், செலவு என்றுதான் பலருக்கும் நினைப்பு வருகிறது. வண்டி சாலையில் போகத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அதன் நோக்கம்.

எந்த வண்டிக்கு எப்போது?

எல்லா வண்டிக்கும் ஆண்டுதோறும் எஃப்.சி என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த வண்டிக்கு எப்போதுமே தேவையில்லை என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டுமே சரியல்ல.

வெள்ளை போர்டு கார், மோட்டார் சைக்கிள்: புதிதாகப் பதிவு செய்த நாளிலிருந்து 15 ஆண்டுகளுக்கு ஆர்.சி செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டிப் பரிசோதனை முடித்து, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

டிராக்டர்: மத்திய மோட்டார் வாகன விதிகள் விவசாய டிராக்டரைப் போக்குவரத்து வாகனம் அல்லாத வண்டியாகவே வகைப்படுத்துகின்றன. ஆகவே இதற்கும் 15 ஆண்டு, பிறகு ஐந்தைந்து ஆண்டு என்ற கணக்குதான்.

மஞ்சள் போர்டு வண்டிகள்: லோடு வேன், மினி லாரி, வாடகைக் கார் எல்லாம் இதில் அடங்கும். புது வண்டிக்கு முதல் எஃப்.சி 2 ஆண்டு செல்லும். வண்டிக்கு 8 வயது ஆகும்வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், 8 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

கிராமத்தில் நெல், வாழைத்தார், தேங்காய் ஏற்றுகிற லோடு வண்டிகள் பெரும்பாலும் பழையதாக வாங்கியவை. அவற்றுக்கு ஆண்டுக்கு ஒரு பரிசோதனை கட்டாயம் என்பதை வாங்கும்போதே கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 56-வது பிரிவுப்படி, எஃப்.சி இல்லாத போக்குவரத்து வாகனம் முறையாகப் பதிவு செய்த வண்டியாகவே கருதப்படாது. ஆர்.சி புத்தகம் கையில் இருந்தும் பயனில்லை. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய்க்குக் குறையாமல் 5,000 ரூபாய் வரை அபராதம். மறுமுறை என்றால் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஓராண்டு வரை சிறைத் தண்டனையோ விதிக்கச் சட்டத்தில் இடம் உண்டு.

ஆய்வாளர் எதைப் பார்ப்பார்?

பிரேக், ஸ்டியரிங், விளக்குகள், ஹாரன், கண்ணாடிகள், வைப்பர், சைலன்சர், ஸ்பீடாமீட்டர், டயர், புகை ஆகியவைதான் முக்கியமானவை. இவற்றில் பலவற்றை வீட்டு வாசலிலேயே பார்த்துவிடலாம்.

ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். சக்கரம் திரும்பாமல் ஸ்டியரிங் மட்டும் ஆடும் அளவு 30 டிகிரியைத் தாண்டக் கூடாது என்பது விதி. கார், வேன் டயரில் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காக இருக்கும் சிறு ரப்பர் மேடுதான் தேய்மானக் குறி. பட்டன் தேய்ந்து அந்த மேட்டோடு சமமாகிவிட்டால் டயரை மாற்றியாக வேண்டும். பிரேக், இண்டிகேட்டர், பின்விளக்கு ஆகியவற்றைப் பார்க்க, வீட்டில் ஒருவரைப் பின்னால் நிற்கச் சொன்னாலே போதும்.

ஆர்.சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று, வரி கட்டிய ரசீது ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தலாம். பக்கத்து இ-சேவை மையத்திலும் உதவி கிடைக்கும். கட்டணம் வண்டியின் வகைக்கும் வயதுக்கும் ஏற்ப மாறும், அரசும் அவ்வப்போது மாற்றுகிறது. அதனால் யாரோ சொன்ன தொகையை நம்பாமல் தளத்தில் காட்டும் தொகையை மட்டும் கட்டுங்கள். குறை இருப்பதாக ஆய்வாளர் சொன்னால், எது குறை என்று தெளிவாக எழுதி வாங்கி, சரிசெய்து மீண்டும் காட்டுங்கள்.

டெல்டா வண்டிக்கு வரும் நோய்கள்

நம் பகுதி வண்டிகளுக்கென்றே சில கோளாறுகள் உண்டு. முதலாவது எலி. வைக்கோல் போர் பக்கத்தில் மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஒயரைக் கடித்துவிடும். "போன வாரம்தானே பல்பு மாத்துனேன் தம்பி" என்பார் உரிமையாளர். "பல்பு நல்லாத்தாண்ணே இருக்கு, ஒயர்தான் இல்ல" என்பார் மெக்கானிக். பல்பை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்.

இரண்டாவது சேறு. சேற்றுழவு முடித்த டிராக்டரைக் கழுவாமல் நிறுத்தினால் விளக்குக் கண்ணாடி, ஒளிரும் பட்டை, எண் தகடு எல்லாமே மறைந்துவிடும். டிரெய்லருக்குப் பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்புறம் வெள்ளை நிறத்தில் ஒளிரும் பட்டை இருக்க வேண்டும். அதை ஒட்டும் செலவு ஒரு மூட்டை நெல்லின் விலைக்குள் அடங்கிவிடும்.

மூன்றாவது டிராக்டரின் இரட்டை பிரேக். வயலில் சட்டென்று திரும்புவதற்காக இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனி மிதி இருக்கிறது. சாலைக்கு ஏறும் முன் இரண்டையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். மறந்துபோய் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் மிதித்தால், வண்டி அந்தப் பக்கமாக இழுத்துக் கவிழ்ந்துவிடும். இந்தக் கொக்கியை ஓட்டுபவர்தான் தினமும் பார்க்க வேண்டும். கேஜ் வீலைக் கழற்றாமல் தார்ச்சாலையில் ஏற்றுவதும் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை டிரெய்லரில் ஏற்றிச் செல்வது இன்னமும் நடக்கிறது. டிரெய்லர் விளைபொருளுக்கும் இடுபொருளுக்குமானது. அதில் ஆள் ஏற்றினால் எந்த எஃப்.சியும் காப்பாற்றாது. வண்டி கவிழ்ந்தால் போவது ஒரு தெருவின் தாய்மார்கள்.

ஒரு நாள் டயர்

எஃப்.சிக்காக மட்டும் நல்ல டயரும் பேட்டரியும் இரவல் வாங்கி மாட்டி, மாலையிலேயே கழற்றிக் கொடுத்துவிடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. இதற்கென்றே இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். சான்று கிடைத்துவிடும். மறுநாள் நெல் ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடப்போவது அந்தப் பழைய டயர்தான். களத்தில் ஈர நெல்லுக்கு மேல் காய்ந்த நெல்லைப் பரப்பிக் காட்டினால், கடைசியில் கெட்டுப்போவது நம் நெல்தானே?

எந்த மாதத்தில்?

சம்பா, தாளடி அறுவடை மாசி, பங்குனியோடு முடிகிறது. வழக்கப்படி ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறந்தால் குறுவை வேலை தொடங்கிவிடும். இடைப்பட்ட சித்திரை, வைகாசிதான் வண்டி வேலைக்கு ஏற்ற காலம். சொந்தக் கார், டிராக்டர் ஆர்.சியைப் புதுப்பிக்க, முடிவதற்கு 60 நாள்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தேதியைப் பயிர்க் காலண்டரிலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

பிற நாடுகளிலும் இது வழக்கம்தான். பிரிட்டனில் பழைய வண்டிகளுக்கு ஆண்டுப் பரிசோதனை 1960-இல் கட்டாயமானது. நம் ஊர்ப் பிள்ளைகள் வேலை பார்க்கும் சிங்கப்பூரில் 3 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், 10 ஆண்டைத் தாண்டினால் ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. இந்தியாவிலும் இயந்திரங்களே சோதிக்கும் தானியங்கி நிலையங்களுக்கு 2021-இல் விதிகள் வந்துவிட்டன. பிரேக்கை உருளை மேல் வைத்து அளக்கும் அந்த நிலையங்கள் பரவும்போது சிபாரிசுக்கும் இரவல் டயருக்கும் இடம் குறையும்.

வாசகர்கள் அடிக்கடி கேட்பவை

டிராக்டரை வயலுக்குள் மட்டும்தான் ஓட்டுகிறோம். 15 ஆண்டு முடிந்தாலும் புதுப்பிக்க வேண்டுமா?

வேண்டும். கொட்டகையிலிருந்து வயலுக்குப் போகும் வழி பொதுச் சாலைதான். அங்கே ஒருவர் மீது மோதினாலும் ஆர்.சியைத்தான் முதலில் கேட்பார்கள்.

அப்பா பெயரில் வண்டி இருக்கிறது. அவர் காலமாகிவிட்டார். என்ன செய்வது?

இறப்பை 30 நாள்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். தாமதமாகியிருந்தாலும் இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

எஃப்.சி முடிந்த லோடு வேன் விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸ் கிடைக்குமா?

நிறுவனம் மறுக்க வாய்ப்பு உண்டு. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனமே பணம் கொடுத்துவிட்டு, பிறகு அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று நீதிமன்றங்கள் தீர்ப்பளித்த வழக்குகளும் இருக்கின்றன. அந்தத் தொகைக்கு நிலத்தை விற்க வேண்டிய நிலை வரலாம். அறுவடைக்கு முன் ஒரு நாள் ஒதுக்கி எஃப்.சி எடுத்துவிட்டால் அந்தக் கவலை இல்லை.