சிங்கப்பூரின் மூன்று ‘உலகங்கள்’

1923-இல் ஜாலான் புசாரில் திறக்கப்பட்ட நியூ வேர்ல்டும், 1930-களில் கிம் செங் சாலையிலும் கேலாங்கிலும் எழுந்த கிரேட் வேர்ல்டும் ஹேப்பி வேர்ல்டும் இரவுதோறும் சிங்கப்பூர் மக்களைத் திரட்டிய கேளிக்கைப் பூங்காக்களாகும். மலாய் இசைநாடகமான பங்சாவானும் சீனக் கூத்தும் குத்துச்சண்டையும் ஒரே மதிலுக்குள் நடைபெற்றமையால், இனவேறுபாடின்றிப் பலரும் கலந்து பொழுதுபோக்கிய இடங்கள் அந்நகரில் இவற்றைப்போல் மிகச் சிலவே எனலாம். இப்பூங்காக்களில் பெரிதும் பேசப்பட்டது காபரே என்னும் நடனக்கூடம். அங்கு வருவோர் சீட்டுக் கட்டு ஒன்றை வாங்கி, ஒரு நடனத்திற்கு ஒரு சீட்டு என்ற கணக்கில், ‘டாக்சி டான்சர்’ எனப்பட்ட, கட்டணத்திற்கு உடன் ஆடும் பெண்களிடம் கொடுத்து ஆடினர். அச்சீட்டின் மதிப்பில் ஒரு பங்கே அப்பெண்களுக்கு ஊதியமாகக் கிடைத்தது என்பதைப் பழம்பெருமை பேசுவோர் பெரும்பாலும் மறந்துவிடுவர். 1963-இல் தொலைக்காட்சி வந்ததும், பின்னர் குளிரூட்டப்பட்ட கடைத்தொகுதிகள் பெருகியதும் கூட்டத்தைக் கரைத்தன. நியூ வேர்ல்ட் இருந்த இடத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் மால் செயல்படுகிறது. பூங்காவின் பழைய நுழைவாயில் அவ்வளாகத்தில் பேணப்பட்டு வருவதால், அங்குச் செல்வோர் அதனைக் காணலாம்.