மாத்திரை காதுக்குள் போகுமா?

வா கண்ணா, பக்கத்தில் உட்கார். வாயில் போட்ட மாத்திரை வயிற்றுக்குத்தானே போகும், காதுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறாயா? கெட்டிக்காரக் கேள்வி!

வயிற்றில் கரைந்த மருந்து ரத்தத்தில் கலந்துவிடும். ரத்தம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை ஓடுகிறது. காதை மட்டும் விட்டுவிடுமா?

உள்காதில் காக்ளியா என்று ஒரு சின்னச் சுருள் இருக்கிறது. உன் சுண்டுவிரல் நகம் அகலம்தான். அதற்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் மெல்லிய இழைகள். ஒலி வந்ததும் காற்றடித்த நாற்றுப் போல அவை சாயும். சாயும்போது செல்லில் ஒரு குட்டிக் கதவு திறக்கும். உடனே நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி பறக்கும். பள்ளிக்கூட மணி உனக்குக் கேட்பது இப்படித்தான். இதுவரை புரிந்ததா? சபாஷ்!

இனி ஒரு மருந்தின் கதை. 1943-இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் என்ற 23 வயது மாணவர், மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசினைப் பிரித்தெடுத்தார். காசநோயை அடக்கிய முதல் ஆன்டிபயாட்டிக் அது. எத்தனையோ பேர் பிழைத்தார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்ட சிலருக்குத் தலை சுற்றியது. சிலருக்குக் காது மந்தமானது.

ஏன்? அந்தக் குட்டிக் கதவு இருக்கிறதே, அதன் வழியாகவே மருந்தும் உள்ளே புகுந்து செல்லைச் சாகடித்துவிடும்! கீச்சென்ற ஒலியைக் கேட்கும் செல்கள்தான் முதலில் போகும். பேச்சு நன்றாகக் கேட்பதால், ஆரம்பத்தில் அந்த ஆளுக்கே தெரியாது. அதனால்தான் இந்த வகை ஊசி போடும்போது டாக்டர்கள் காதையும் சோதிப்பார்கள்.

எல்லா மருந்தும் இவ்வளவு பொல்லாதது அல்ல. ஆஸ்பிரினை அதிக அளவில் சாப்பிடும் பெரியவர்களுக்குக் காதில் ‘கொய்ங்’ என்று இரையும். அளவைக் குறைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உன் வீட்டில் யாராவது அப்படிச் சொன்னால், “டாக்டரிடம் சொல்லுங்கள்” என்று சொல். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்கான மருந்தாக இருந்தால் அது பெரிய வம்பு.

ஒரு வேடிக்கை கேள். நமக்கு மயிர்ச்செல் செத்தால் செத்ததுதான், திரும்ப முளைக்காது. கோழிக்குஞ்சுக்கோ சில வாரங்களில் புதிதாக முளைத்துவிடும்! 1980-களில்தான் இது தெரியவந்தது. கோழிக்கு முடிவது நமக்கு ஏன் முடியவில்லை? விஞ்ஞானிகள் இன்றும் அதைத்தான் துருவிக்கொண்டிருக்கிறார்கள்.