கைக்கேற்ற கருவி

மாத்தளை மாவட்டத்திலுள்ள ஹப்புவிட என்னும் கிராமத்திற்குச் சென்றோர் அங்கு நடைபெறும் அரக்கு வேலையைக் கண்டு வியந்திருப்பர். சூடேற்றிய அரக்கை நூலிழைபோல இழுத்து, மரத்தின்மீது பதித்துப் பெருவிரல் நகத்தாலேயே நறுக்கிக் கோலஞ் செய்வர். ‘நியபொத்து வெட’, அஃதாவது நக வேலை, என்பது சிங்களத்தில் இதற்கு வழங்கும் பெயர். பெருவிரலின் நுண்திறனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அதே பெருவிரலை இன்றைய சிறுவர் வேறொரு தொழிலுக்குப் பழக்கியிருக்கின்றனர். கையடக்க விளையாட்டுக் கருவியின் பொத்தான்களை அழுத்துவதே அத்தொழில்.

இதற்கு வித்திட்டவர் ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனத்தில் பணியாற்றிய குன்பெய் யோக்கோய் என்பவராவார். ஒரு பெருவிரலாலேயே நாற்றிசையும் செல்லத்தக்க கூட்டல் குறி வடிவான பொத்தானை, 1982ஆம் ஆண்டு வெளிவந்த ஒரு சிறு விளையாட்டுக் கருவியில் அவர் அமைத்தார். இன்றும் அவ்வடிவமே உலகெங்கும் வழங்குகின்றது.

அதே நிறுவனம் 2019ஆம் ஆண்டு செப்டெம்பரில் ‘சுவிட்ச் லைற்’ என்னும் கருவியை வெளியிட்டது. 2017இல் வந்த மூத்த கருவியிலும் விலை குறைந்தது. எடையும் 275 கிராம் மட்டுமே. ஆயினும் மூத்த கருவியிற்போல இதன் பொத்தான் பகுதிகளைக் கழற்றவியலாது. விளையாட விரும்புபவர் 20 சென்ரிமீற்றருக்கும் சற்றே கூடிய நீளமுள்ள முழுக் கருவியையும் இரு கைகளாலும் ஏந்தவேண்டும். பதினான்கு வயதுப் பையனுக்கு இது பொருட்டன்று. ஏழு வயதுச் சிறுமிக்கோ, கருவியைத் தாங்குவதிலேயே பாதிப் பலம் போய்விடுகின்றது.

இக்குறையைப் போக்கவல்லது தனியே விற்கப்படும் கம்பியில்லாக் கொன்ட்ரோலர். மூல நிறுவனத்தார் விற்கும் ஒரு சோடிக்கு அமெரிக்காவில் 80 டொலர் விலை குறித்திருந்தனர். வேறு நிறுவனங்கள் செய்பவை இதனினும் மலிவானவை. சீனாவின் ஷென்சென் நகரத்து ‘எயிட்பிற்டூ’ நிறுவனம் 2023இல் 25 டொலர் விலையில் வெளியிட்ட ‘மைக்ரோ’ இதற்கு நல்ல உதாரணம். அதன் நீளம் 7 சென்ரிமீற்றரளவே. எடை ஏறத்தாழ 25 கிராம். சட்டைப்பையில் இட்டால் இருப்பதே தெரியாது.

இவ்வகைச் சிறு கொன்ட்ரோலர் ஒன்றை மாத்தளை நகரிலுள்ள நம் உறவினர் இல்லத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் முழுதும் சோதித்துப் பார்த்தோம். பாடப் புத்தகங்களை அடுக்கி, அவற்றின்மீது விளையாட்டுக் கருவியைச் சாய்த்து வைத்தோம். புளூடூத் முறையில் இரண்டையும் இணைக்க இரண்டொரு நிமிடமே பிடித்தது. சோவியத் நாட்டவரான அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கிய ‘டெற்றிஸ்’ என்னும் கட்டையடுக்கும் ஆட்டத்தையே முதலில் எடுத்துக்கொண்டோம்.

ஏழு வயதுத் தங்கைக்கு இது புதிய விடுதலையாயிற்று. முன்னர் கருவியை மடியிற் சாய்த்து, எட்டாத பொத்தானைத் தேடி, கட்டைகள் குவிந்து தோற்று, “அண்ணா, நீங்களே விளையாடுங்கோ” என்று கொடுத்துவிடுவது அவளது வழக்கம். இப்போது எல்லாப் பொத்தான்களும் அவள் விரலுக்கு எட்டின. மூன்றாவது ஆட்டத்தில் அண்ணனையும் மிஞ்சிவிட்டாள். அவளுக்கு இதுகாறும் குறைவாயிருந்தது திறமையன்று, கையின் நீளமே என்பது வீட்டார் அனைவருக்கும் புலனாயிற்று.

அண்ணனின் அனுபவம் வேறு. கால் மணி நேரத்தில் அவன் விரல்கள் மடங்கி வலியெடுத்தன. பாட்டியோ, மூட்டு நோவுள்ள தம் விரலால் ஒன்றை அழுத்த முயன்று இரண்டை அழுத்தினார். சிறுமை என்பது எல்லோர்க்கும் சௌகரியமன்று.

இன்னுமொன்றையும் ஆராய்ந்தோம். இவ்வகையிற் பலவற்றில் ஜோய்ஸ்ரிக் எனப்படும் சாயுங் குமிழ் இல்லை. முப்பரிமாண உலகிற் சுற்றித் திரியும் ஆட்டங்களில் ஒரு குமிழால் நடக்கவும், மற்றொன்றால் பார்வையைத் திருப்பவும் வேண்டும். அத்தகைய ஆட்டங்களுக்கு இது உதவாது. ஆனால் இவ்வின்மையில் ஒரு நன்மையுமுண்டு. சாதாரணக் குமிழினுள் ஓர் உலோக முனை மின்தடைப் படலத்தின்மீது ஓயாது உராய்கின்றது. நாளடைவில் படலந் தேய, தொடாமலே பாத்திரம் தானாக நடக்கத் தொடங்கும். கூட்டல் குறிப் பொத்தானின் அடியிலோ றப்பரும் மின்தொடுகையுமே உள்ளன. ஆதலின் இத்தொல்லை எழுவதில்லை.

குமிழ் வேண்டுமென்போர் ‘ஹோல் விளைவு’ முறையில் அமைந்ததைத் தேடி வாங்குதல் நன்று. 1879இல் அமெரிக்கரான எட்வின் ஹோல் கண்டறிந்த காந்தத் தத்துவத்தால் இயங்குவது அது. குமிழின் நிலையைக் காந்தப் புலத்தால் அறிவதால், உணரும் பாகங்கள் ஒன்றையொன்று தொடுவதில்லை, உராய்ந்து தேய்வதுமில்லை.

பெற்றோர்க்கு நாம் கூறக்கூடியது இதுவே. பிள்ளை விரும்பும் ஆட்டத்திற்குக் குமிழ் வேண்டுமா என்று முதலிற் கேளுங்கள். உங்கள் கருவியின் பெயர் பெட்டியிற் குறிக்கப்பட்டுள்ளதா என்று பாருங்கள். பின்னர், இயலுமாயின், பிள்ளையையே கடைக்கு அழைத்துச் சென்று பொருளை அதன் கையிற் கொடுத்து, தோட்பட்டைப் பொத்தான்கள் வரை விரல் எட்டுகின்றதா என்று நோக்குங்கள். மாணவரே, நீங்களும் ஒன்று செய்யலாம். உங்கள் தம்பியோ தங்கையோ ஆட்டத்தில் ஓயாது தோற்பாராயின், ‘உனக்கு விளையாடத் தெரியாது’ என்று சொல்லுமுன், அவர் கையிலிருக்கும் கருவி அவர் கைக்கு ஏற்றதுதானா என்று ஒருமுறை பாருங்கள்.